சாஞ்சி எங்கே ஓடிவிடும்?

துக்கம் கேட்கப் போக வேண்டிய வீட்டுக்கு இரண்டு தோழிகள் சுற்றுலா போனார்கள். போபாலில் நான்கு நாட்கள், ஓயாத சிரிப்பு, ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போடப்பட்ட ஒரு 46 கி.மீ. பயணம்.

"துக்கம் கேக்கறதுக்குன்னு வராதீங்கடி. அதுக்கு ரெண்டரை வருஷம் லேட். சுத்திப் பாக்க வாங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

2023 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போபாலிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பின் சாரம் இவ்வளவுதான். அழைத்தவள் என்னோடு எம்.ஏ. தமிழ் படித்தவள். ஒரே பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருத்தி இப்போது கோவையில் தமிழாசிரியை. ஒருத்தி கல்யாணமாகி 2001இல் போபாலுக்குப் போனவள்; கணவர் அங்கே 'பெல்' தொழிற்சாலையில் பொறியாளர். மூன்றாவது ஆள் நான், சென்னையில் மொழிபெயர்ப்பை நம்பிப் பிழைப்பவள். பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் எங்களிடம் எப்போதோ போய்விட்டது. சென்னை, கோவை, போபால் என்று ஊர்ப் பெயரே அழைக்கும் பெயராகிவிட்டது.

போபாலின் அம்மா 2021 மே மாதம் இறந்தார். கொரோனாவின் இரண்டாவது அலை உச்சத்தில் இருந்த நாட்கள் அவை. கோவையும் நானும் போகவில்லை, போயிருக்கவும் முடியாது. தொலைபேசியில் அழுதாள், கேட்டுக்கொண்டிருந்தோம். ரயில்கள் ஓடத் தொடங்கியபோது என் வீட்டில் ஒரு அறுவை சிகிச்சை. பிறகு கோவையின் மகனுக்கு பிளஸ் டூ. பிறகு காரணம் எதுவும் மிச்சமில்லை, கூச்சம்தான் மிச்சம். இவ்வளவு நாள் கழித்து எந்த முகத்தோடு போவது?

எங்கள் பக்கத்தில், துக்கம் கேட்காத வீட்டுக்கு வேறு எதற்காகவும் போவதில்லை. அந்த வீட்டுக்காரியே சுற்றுலாவுக்குக் கூப்பிட்டால் என்ன செய்வது? "அவளே வழி விட்டுட்டா. டிக்கெட் போடு" என்றாள் கோவை.

பட்டியலில் இல்லாத ஊர்

ஜனவரி 11 இரவு சென்னை சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினோம். இரவு ஏறினால் மறுநாள் இரவு போபால். இந்த ஒரு நாளில் கோவை தன் பையிலிருந்து எடுத்த பொருட்களை எண்ணினேன்: தேங்காய் பன், முறுக்கு, புளியோதரை, தயிர்சாதம், நாரத்தங்காய் ஊறுகாய், முட்டிக்குத் தடவும் தைலம். எதிர் இருக்கையில் இருந்த நாக்பூர் குடும்பத்துக்கும் புளியோதரை போயிற்று. பதிலுக்கு ஆரஞ்சு வந்தது.

போபால் ரயில் நிலையத்தில் நாங்கள் பயந்த அந்தக் கணம் வந்தது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். துக்கம் கேட்க வேண்டிய முதல் வார்த்தை என் தொண்டையில் நின்றது. அதற்குள் அவள், "என்னடி ரெண்டு பேரும் இப்படிப் பெருத்துட்டீங்க?" என்றாள். நடைமேடையில் மூன்று பெண்கள் கட்டிக்கொண்டு சிரித்ததையும் அழுததையும் ஒரு போர்ட்டர் பொறுமையாக நின்று பார்த்தார். அவளுடைய கணவர் பெட்டிகளை எண்ணி முடித்து, "மிச்சத்தை வீட்டுல வெச்சுக்கலாமா? எட்டு டிகிரி குளிருதும்மா" என்றார்.

வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நான்கு நாள் நிகழ்ச்சி நிரல் ஒட்டியிருந்தது, 'பெல்' பொறியாளரின் கையெழுத்தில், மணி நிமிடத்தோடு. சனி: ஏரி, பாரத் பவன், பழங்குடியினர் அருங்காட்சியகம். ஞாயிறு: பீம்பேட்கா, போஜ்பூர். திங்கள்: பொங்கல், ஓய்வு. செவ்வாய்: ரயில்.

"சாஞ்சி எங்கண்ணா?" என்று கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்தார்.

"சாஞ்சி எங்கடி ஓடிப்போகுது? நேரம் இருந்தா பாத்துக்கலாம்" என்றாள் அவள்.

உப்புப் போட்ட தேநீர்

போபாலைச் சுற்றிக்காட்ட இருபது வருடமாக அங்கே இருப்பவர்தான் சரியான ஆள் என்று நினைத்தோம். தவறு. தோழிக்குத் தெரிந்த போபால் என்பது காய்கறிச் சந்தை, பள்ளிக்கூடம், மருத்துவமனை, தமிழ்க் குடும்பங்களின் நவராத்திரி. "பாரத் பவனா? பொண்ணு ஸ்கூல் படிக்கும்போது ஒரு தடவை வாசல்ல எறக்கி விட்டிருக்கேன்" என்கிறாள். உள்ளூர்க்காரர்களின் நோய் இது. விருந்தாளி வந்தால்தான் சொந்த ஊர் கண்ணில் படும்.

பட்டதும் அதைப் பார்க்கிற ஆர்வம் அவளுக்குத்தான் அதிகம். பெரிய ஏரிக்கரையில் நின்று அது ஏரியா கடலா என்று நாங்கள் வாதாடிக்கொண்டிருக்க, அதை வெட்டியவர் என்று சொல்லப்படும் 11ஆம் நூற்றாண்டு ராஜா போஜனின் சிலையை எந்தக் கோணத்தில் எடுத்தால் சூரியன் பின்னால் வரும் என்று அவள் ஆராய்ந்துகொண்டிருந்தாள். ஏரியை நோக்கிப் படிப்படியாக இறங்கும் பாரத் பவன், சார்லஸ் கொரியா வடிவமைத்து 1982இல் திறக்கப்பட்டது. அங்கே கலைக்கூடத்தை உருவாக்கிய ஓவியர் ஜே. சுவாமிநாதன் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் என்றதும் கோவைக்குத் தனிப் பெருமை. கிராமச் சுவர்களில் வரைந்துகொண்டிருந்த ஜன்கட் சிங் ஷ்யாம் என்ற கோண்டு இளைஞரை உலகம் அறியச் செய்த இடம் இதுதான்.

1819 முதல் 1926 வரையான காலத்தில் பெரும்பகுதி போபாலை ஆண்டவர்கள் நான்கு பேகம்கள். அவர்களில் ஒருவரான ஷாஜஹான் பேகம் தொடங்கிய தாஜ்-உல்-மஸாஜித் பள்ளிவாசலைக் கட்டி முடித்தபோது ஆண்டு 1985. "எங்க வீட்டு மாடி ரூம் மாதிரி" என்றார் பொறியாளர்.

பழைய நகரத்தில் காலைப் பலகாரம் அவலும் ஜிலேபியும். எலுமிச்சை பிழிந்த அவல் உப்புமாவோடு ஜிலேபியைச் சேர்த்துச் சாப்பிடுவதை கோவை ஐந்து நிமிடம் கண்டித்தாள், பிறகு இரண்டாவது தட்டு கேட்டாள். தேநீர்தான் அவளைத் தோற்கடித்தது. போபாலின் சுலைமானி தேநீரில் உப்புப் போடுகிறார்கள். ஒரு வாய் குடித்தவள் கடைக்காரரிடம், தனக்குத் தெரிந்த இந்தியில், "பையா, சீனி மர் கயா?" என்று கேட்டாள். சீனி செத்துவிட்டதா? கடை முழுவதும் சிரித்தது. கடைக்காரர் அடுத்த கோப்பைக்குக் காசு வாங்கவில்லை.

திரும்பும் வழியில் ஒரு நீளமான மதில். 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற யூனியன் கார்பைடு ஆலை. காரில் யாரும் பேசவில்லை. மதில் முடிந்து வெகுதூரம் போன பிறகு, "இந்த ஊர்ல துக்கம் கேக்கணும்னா வீடு வீடாத்தான் போகணும்" என்றாள் போபால். அம்மா இறந்ததைப் பற்றி இரண்டு நாட்களில் அவள் சொன்னதில் அதுதான் ஓரளவு நெருங்கி வந்தது.

ஏமாற்றிய தேனீ

பீம்பேட்கா போபாலுக்குத் தெற்கே சுமார் 45 கி.மீ. தூரத்தில், தேக்கங்காட்டுக்கு நடுவே இருக்கிறது. 1957இல் உஜ்ஜயினியைச் சேர்ந்த தொல்லியலாளர் வி.எஸ். வாகண்கர் ரயிலில் போகும்போது சன்னல் வழியே இந்தப் பாறைகளைப் பார்த்தார். ஸ்பெயினிலும் பிரான்சிலும் தான் பார்த்த குகைப் பாறைகளைப் போல இருக்கிறதே என்று இறங்கி நடந்தார். 700க்கும் மேற்பட்ட பாறை ஒதுங்கிடங்கள், அவற்றில் 400க்கு மேல் ஓவியங்கள். 2003இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ரயிலில் நாங்கள் இருவரும் சன்னல் வழியே பார்த்தது டீ விற்பவர்களை மட்டும்தான்.

மான், காட்டெருமை, யானை, வில்லேந்திய வேடர்கள், கைகோத்து ஆடும் கூட்டம், பிற்காலத்துக் குதிரை வீரர்கள். ஒரே பாறையில் ஒருவர் வரைந்ததன்மேல் பல நூற்றாண்டுகள் கழித்து வேறொருவர் வரைந்திருக்கிறார். இடைக் கற்காலத்து மான்மீது வரலாற்றுக் காலத்துக் குதிரை ஓடுகிறது. "நம்ம வகுப்பு பெஞ்சு மாதிரி இல்ல? நமக்கு முன்னாடி படிச்சவ பேரு மேலயே நாம பேரு எழுதினோமே" என்றாள் போபால்.

எங்களை அதிகம் சிரிக்க வைத்தது ஓவியமல்ல. நுழைந்ததும் வரும் பெரிய குகையின் கூரையில் இலை போன்ற ஒரு தடம் இருக்கிறது. 2021இல் விஞ்ஞானிகள் குழு ஒன்று, இது ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட 'டிக்கின்சோனியா' என்ற உயிரினத்தின் புதைபடிவம் என்று அறிவித்தது. 2023இல் இன்னொரு குழு வந்து பார்த்தது. புதைபடிவம் உதிரத் தொடங்கியிருந்தது. அது மலைத்தேனீ கட்டிய கூட்டின் எச்சம். முதலில் அறிவித்தவர் தவற்றை ஒப்புக்கொண்டார். "இந்தப் பெருந்தன்மை நம்ம தமிழ் ஆராய்ச்சியாளர்களுக்கு உண்டா?" என்று கோவை கேட்க, நாங்கள் படித்த காலத்துக் கால ஆராய்ச்சிச் சண்டைகளை எல்லாம் வரிசையாக நினைவுகூர்ந்தோம். மந்திகள் கூட்டம் ஒன்று உட்கார்ந்து கேட்டது. அதில் ஒன்று கோவையின் முறுக்குப் பையோடு மரமேறியது.

மாலையில் போஜ்பூர். ராஜா போஜனோடு சேர்த்துச் சொல்லப்படும், முடிக்கப்படாத சிவன் கோயில். ஒரே கல்லாலான லிங்கம் மட்டும் ஓர் ஆள் உயரத்துக்கு மேல். சுற்றியுள்ள பாறைகளில் கோயிலின் வரைபடங்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். கற்களை மேலே இழுக்கப் போட்ட மண்சரிவுப் பாதையும் அப்படியே இருக்கிறது. பொறியாளர் அங்கே ஒரு மணி நேரம் தொலைந்து போனார். கண்டுபிடித்தபோது வரைபடத்தின்மேல் குனிந்து, "அளவு சரியா இருக்கு. ஆனா ஏன் முடிக்கலைன்னுதான் தெரியல" என்றார். போபால் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

பரணிலிருந்து இறங்கிய பானை

பொங்கலன்று காலை. பக்கத்து வீட்டிலிருந்து சங்கராந்தி எள்ளுருண்டை வந்துவிட்டது. போபால் குக்கரை எடுத்தாள். "பொங்கலன்னிக்குக் குக்கரா?" என்று அதிர்ந்தாள் கோவை. "பானை பரண்ல இருக்கு. யாரு எறக்கறது?" என்றாள் இவள்.

அம்மா நெல்லையிலிருந்து கொண்டு வந்த வெண்கலப் பானை. 2021க்குப் பிறகு அது இறங்கவில்லை. முட்டிவலிக்காரி கோவை ஒரு வார்த்தை பேசாமல் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். புளி போட்டுத் தேய்த்தது நான். பால் பொங்கியபோது குலவையிடத் தெரிந்தவர் யாருமில்லை. அந்த வீட்டில் அதைச் செய்துகொண்டிருந்தவர் அம்மா. மூன்று எம்.ஏ.க்களும் சேர்ந்து எழுப்பிய ஓசை கேட்டு அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

சாப்பிட்டு முடித்ததும் கோவை சொன்னாள்: "இப்ப நேரம் இருக்கு. சாஞ்சி."

"நீங்க மூணு பேரும் போய்ட்டு வாங்க. எனக்குத் தலைவலி."

"தலைவலியா, சாஞ்சி வலியா?"

அப்புறம்தான் சொன்னாள். அம்மா தொடக்கப்பள்ளி ஆசிரியை. முப்பது வருடம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அசோகரைப் பாடம் நடத்தியவர். கரும்பலகையில் சாஞ்சித் தூபியை ஒரே இழுப்பில் வரைவாராம். அப்பா போன பிறகு 2012இல் போபாலுக்கு வந்தவர், வந்த வாரமே கேட்டார்: "சாஞ்சி இங்கருந்து கிட்டத்தானே?" அதற்குப் பிறகு ஒன்பது வருடம் கேட்டார். வெயில் என்றாள், மழை என்றாள், மகளுக்குப் பரீட்சை என்றாள், வண்டி சர்வீசில் இருக்கிறது என்றாள். "சாஞ்சி எங்கேம்மா ஓடிப்போகுது?" என்பதுதான் வழக்கமான பதில். புதிய 200 ரூபாய் நோட்டு வந்தபோது அதன் பின்பக்கத்தைக் காட்டி, "இந்தா, நானே பாத்துட்டேன்" என்றாராம் அம்மா. கோபமாகக்கூட அல்ல, சிரித்துக்கொண்டே.

"அவ ஒண்ணும் காசி, ராமேஸ்வரம் கேக்கல. நாப்பத்தாறு கிலோமீட்டர்டி. அவ இல்லாம நான் மட்டும் எப்படிப் போய் நிக்கறது?"

எங்களிடம் பதில் இல்லை. நாங்கள் தள்ளிப் போட்டது ஆயிரம் கி.மீ.க்கு மேல், அவள் தள்ளிப் போட்டது 46. காரணம் சொல்லி நாள் கடத்தியதில் எங்கள் மூவருக்கும் வித்தியாசமில்லை. நான் அதைத்தான் சொன்னேன். இரண்டரை வருடம் லேட்டாக, அந்தச் சமையலறையில்தான், அவள் கையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் துக்கம் கேட்டோம்.

கொஞ்ச நேரம் கழித்து வாசலில் கார் ஹாரன் கேட்டது. "நாலு பேருக்கும் இடம் இருக்கு" என்றார் பொறியாளர்.

தலைகீழ் 'டி'யும் ஒரு புள்ளியும்

சாஞ்சி போகும் சாலையைக் கடகரேகை கடக்கிறது. சாலையில் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம் வைத்து மூவரும் படம் எடுத்துக்கொண்டோம். லாரிக்காரர் ஒருவர் ஹாரன் அடித்து வாழ்த்திவிட்டுப் போனார். போபால் அன்று முதல் முறையாகச் சிரித்தாள்.

குன்றின்மேல் ஏறியதும் அது நிற்கிறது: கவிழ்த்து வைத்த பெரும் பானை போல. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் செங்கல்லால் கட்டியது. பின்னால் கல் போர்த்திப் பெரிதாக்கினார்கள். நான்கு திசையிலும் உள்ள தோரணவாயில்கள் கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. தெற்கு வாயிலின் ஒரு பகுதியைச் செதுக்கியவர்கள் விதிஷாவின் தந்தச் சிற்பிகள் என்று கல்வெட்டே சொல்கிறது. தந்தத்தில் பழகிய கை என்பதைக் கல்லைப் பார்த்தாலே நம்பலாம். கைவிடப்பட்டுக் காடு மண்டிக் கிடந்த இந்த இடத்தை 1818இல் ஜெனரல் டெய்லர் என்ற ஆங்கிலேய அதிகாரி பார்த்து எழுதினார். அதன் பிறகு புதையல் தேடிகள் குடைந்ததும் உண்டு. 1912இலிருந்து 1919 வரை ஜான் மார்ஷல் சீரமைத்ததைத்தான் இன்று பார்க்கிறோம்.

இந்த வாயில்களில் புத்தர் எங்குமே மனித உருவில் இல்லை. போதிமரம் இருக்கிறது, அதன் கீழ் வெறும் ஆசனம். பாதச்சுவடு இருக்கிறது, பாதம் இல்லை. ஆளில்லாத குதிரைக்குக் குடை பிடித்துப் போகிறார்கள். போபால் வெகுநேரம் அந்தக் காலி ஆசனத்தின் முன்னால் நின்றாள். "பரவால்லையே. ஆளைக் காட்டாமலே ஆளைக் காட்டிட்டான்" என்றாள்.

அதற்குள் கோவை வேலியைத் தடவிக்கொண்டு நின்றாள். மரச்சட்டங்களைக் கோத்தது போலக் கல்லில் செய்த சுற்று வேலி. அதன் தூண்களிலும் சட்டங்களிலும் சிறு சிறு பிராமி எழுத்துகள். எங்களுக்கு எம்.ஏ.யில் கல்வெட்டியல் ஒரு தாள். தமிழி எழுத்து கட்டாயம். எல்லாம் மறந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தோம்.

"இங்க பாருங்கடி. தலைகீழா நிக்கற இங்கிலீஷ் டி. ந. பக்கத்துல புள்ளி. முன்னாடி தா. தா... னம். தானம்!"

அடுத்த தூணிலும் அதே முடிவு. அதற்கடுத்ததிலும். 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்ததும் இப்படித்தான். சாஞ்சியின் குட்டிக் கல்வெட்டுகள் எல்லாம் ஒரே எழுத்துகளில் முடிவதைக் கண்டு, அது 'தானம்' ஆக இருக்கலாம் என்று ஊகித்தார். பூட்டு திறந்துகொண்டது. அசோகரின் கட்டளைகளை உலகம் மறுபடி படிக்க முடிந்தது அதற்குப் பிறகுதான்.

வேலியைக் கொடுத்தது அரசனல்ல. ஒரு தூண், ஒரு சட்டம், ஒரு தளக்கல் என்று நூற்றுக்கணக்கான எளிய மனிதர்கள் கொடுத்து, பெயரைப் பொறித்துப் போயிருக்கிறார்கள். வணிகர், பிக்கு, பிக்குணி, இல்லத்தரசி. தன் பெயரைச் சொல்லாமல் 'இன்னாரின் தாய்' என்று மட்டும் குறித்துக்கொண்ட பெண்களும் உண்டு. இதை நான் சொன்னதும் போபால் திரும்பினாள். "அம்மா பேருலயா?"

"அம்மாங்கற பேருல."

இலங்கைக்குப் புறப்படும் முன் அசோகரின் மகன் மகிந்தர், தாயைப் பார்ப்பதற்காக விதிஷாவுக்கு வந்து தங்கினார் என்கிறது மகாவம்சம். அந்த இடம் இந்தக் குன்றுதான் என்று கருதுகிறார்கள். இதையும் சொல்ல வாயெடுத்தேன். கோவை என் கையைக் கிள்ளினாள். சொல்லவில்லை.

போபால் வேலிக்குள் இறங்கித் தூபியை வலம் வந்தாள், தனியாக. மூன்று சுற்று. நாங்கள் வெளியே உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது சுற்றில் அவளோடு ஏழெட்டுப் பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு தூணுக்கு முன்னால் அவர்களை நிறுத்தி, விரலால் காற்றில் எழுதிக் காட்டி, இந்தியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அடுத்தடுத்த தூணுக்கு ஓடி, தலைகீழ் 'டி'யையும் புள்ளியையும் தேடிக் கூவினார்கள்.

"எங்க மாமியார் குரல் அப்படியே வருது" என்றார் பொறியாளர், மெதுவாக.

வெளியே வந்ததும் 200 ரூபாய் நோட்டைக் கேட்டு வாங்கினாள். அதை உயர்த்திப் பிடித்து, பின்னால் உண்மையான தூபி தெரிய, எல்லாச் சுற்றுலாப் பயணிகளையும் போல ஒரு படம். கண் சிவந்திருந்தது, படம் நன்றாக வந்திருக்கிறது.

செவ்வாயன்று ரயிலேறினோம். முறுக்குப் பைக்குப் பதிலாக கோவையின் கையில் போபால் எள்ளுருண்டை. இரண்டு வாரம் கழித்து கைபேசிக்கு ஒரு படம் வந்தது: உதயகிரிக் குகையில், குப்தர் காலத்து மாபெரும் வராகத்துக்கு முன்னால் கணவனும் மனைவியும். கீழே ஒரு வரி: "நீங்க இல்லாமலே போய்ட்டோம்."

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதித் தூபியின் சிற்பங்கள் இருக்கின்றன. பத்து வருடமாக அந்த வாசலைப் பேருந்தில் கடந்து அலுவலகம் போனவள் நான். ஒரு நாளும் உள்ளே போனதில்லை. எங்கே ஓடிவிடும் என்றுதான். பதில் அனுப்பும் முன் கோவையைத் தொலைபேசியில் கூப்பிட்டு, எப்போது வருகிறாய் என்று தேதி கேட்டேன்.